கூட்டுப் பொறுப்பில் யார் பொறுப்பு?

ஒரு துறையில் பெரிய தவறு நடந்து, அமைச்சர் பதவி விலக வேண்டும் என்ற குரல் எழுந்தால் பதில் தயாராக இருக்கிறது: "அது அமைச்சரவை கூட்டாக எடுத்த முடிவு." அரசியல் சாசனத்தின் 75(3)ஆவது பிரிவே அமைச்சரவை மக்களவைக்குக் 'கூட்டாக'ப் பொறுப்பு என்கிறதே என்று இதற்கு ஆதரவாக வாதிடுகிறார்கள்.

கூட்டுப் பொறுப்பு தேவைதான். உள்ளே எதிர்த்துப் பேசிய அமைச்சர் வெளியே வந்தால் அந்த முடிவைக் காக்க வேண்டும், இல்லையேல் விலக வேண்டும். அமைச்சருக்கொரு கொள்கை என்றால் ஆட்சி நடக்காது.

ஆனால் 'கூட்டாக' என்ற அந்த ஒற்றைச் சொல் நடைமுறையில் என்ன செய்கிறது? மக்களவை விதி 198இன்படி நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை மொத்த அமைச்சரவை மீதுதான் கொண்டுவர முடியும். தனி அமைச்சர் மீது கண்டனத் தீர்மானம் நிறைவேறினாலும் அவர் விலகச் சட்டக் கட்டாயம் இல்லை. ஆக, ஒருவரைத் தண்டிக்க மொத்த அரசையும் கவிழ்க்க வேண்டும். ஆளுங்கட்சி உறுப்பினர் யார் அதற்குக் கை தூக்குவார்? 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் அவர் பதவியே போய்விடும். எல்லோரும் பொறுப்பு என்று எழுதி, ஒருவரையும் தொட முடியாதபடி செய்திருக்கிறோம்.

பணம் என்றால் சட்டம் இவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, பங்காளிகள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்கிறது. நண்பனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட குமாஸ்தாவுக்கு வங்கி நோட்டீஸ் வருகிறது. 'நாங்கள் கூட்டாகப் போட்ட கையெழுத்து' என்று அவர் தப்ப முடியுமா? முழுத்தொகையையும் அவர் ஒருவரிடமே கேட்கலாம்.

அமைச்சர்களும் ஒரு காலத்தில் தனியாகப் பொறுப்பேற்றதுண்டு. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி விலகினார். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் போடப்பட்ட விவகாரத்தில், அதிகாரியின் செயலுக்கும் அமைச்சரே பொறுப்பு என்றார் விசாரணை நடத்திய நீதிபதி சாக்ளா, 1958இல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சர் பதவியை விட்டார். இருவரும் அமைச்சரவைக்குப் பின்னால் ஒளியவில்லை. ஆனால் அவர்களை விலக வைத்தது மனசாட்சியும் அன்றைய மரபும்தான், 75(3) அல்ல. அந்த மரபு தேய்ந்துவிட்டது.

ஜாமீன் போட்ட குமாஸ்தாவுக்கு உள்ள பொறுப்பு அமைச்சருக்கும் வேண்டும். 75(3)இலும், மாநிலங்களுக்கான 164(2)இலும் 'கூட்டாக' என்பதை அடுத்து 'தனித்தனியாகவும்' என்று சேர்க்க வேண்டும்.