தறிச் சத்தத்தைத் தாண்டி வரும் குரல்

ஆரணியின் கைத்தறி வீடுகளில் சீரியலைக் காதால்தான் பார்க்கிறார்கள். தீபாவளிக்கும் தை மாதக் கல்யாணங்களுக்கும் முன்னால் பட்டுச் சேலை ஆர்டர் குவியும்போது இரவு ஒன்பதரைக்கும் விளக்கு அணையாது. கூடத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொண்டிருக்க, மூலையில் டி.வி. ஓடும். குழிக்குள் கால் போட்டு உட்கார்ந்தவர் மிதியை மிதித்து, கயிற்றைச் சுண்டி நாடாவை ஓடவிட்டு, பலகையை இழுத்து அடிக்க வேண்டும். நடுவில் ஒரு ஜரிகை இழை அறுந்தால் அந்தக் கணமே கண்ணில் பட வேண்டும். கவனிக்காமல் நான்கு விரற்கடை நெய்துவிட்டால், முடிந்த சேலையை விரிக்கிற இடத்தில் அது பல்லை இளிக்கும். அதனால் கண் பாவின் மேல், காது டி.வி.யின் பக்கம்.

சேனல்களின் விருது விழாக்கள் நெருங்கும்போது இந்த வீடுகளிலும் கணிப்பு நடக்கும். சிறந்த மாமியார், சிறந்த மருமகள் என்று உறவுமுறைக்கெல்லாம் விருது கொடுக்கிற விழாக்கள் அல்லவா! “இந்த வருஷம் யாருக்கு மாமா குடுப்பாங்க?” என்று தார் சுற்றிக்கொண்டே மனைவி கேட்க, “அதிகமா அழுத பொண்ணுக்குத்தான்” என்று தறியிலிருந்து பதில் வரும். பெரும்பாலும் பலித்துவிடுகிற கணிப்பு அது. டி.ஆர்.பி.யில் முதலிடத்தில் இருக்கும் சீரியலின் நாயகி, அதிலும் நிறையக் கண்ணீர் விட்டவர் என்று சொல்லிவிட்டால் பத்துக்கு ஏழு தேறும். யாருக்குக் கிடைக்கும் என்பது இவ்வளவு சுலபம். யாருக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்குத்தான் காது வேண்டும்.

‘எதிர்நீச்சல்’ மாரிமுத்துவை எடுத்துக்கொள்வோம். 2022 பிப்ரவரியில் சன் டி.வி.யில் தொடங்கிய இயக்குநர் திருச்செல்வத்தின் தொடர். அதில் அவர் ஆதி குணசேகரன் என்ற மூத்த அண்ணன், வீட்டுப் பெண்களை நிமிரவிடாத மனிதர். இப்படிப்பட்ட பாத்திரத்துக்கு நம் சின்னத்திரையில் ஒரு வாடிக்கை உண்டு: கண்ணை உருட்டுவது, தொண்டை கிழியக் கத்துவது, பின்னால் இடி இடிப்பது. மாரிமுத்து அதைச் செய்யவில்லை. தேனி மாவட்டத்து வருசநாட்டுப் பேச்சை அப்படியே கொண்டுவந்தார். பஞ்சாயத்தில் உட்கார்ந்து நியாயம் சொல்கிறவரின் நிதானத்தோடு, அநியாயத்தைப் பேசினார். “இந்தாம்மா...” என்று அவர் தொடங்கும்போது குரல் தாழ்ந்திருக்கும். ஏதோ பொருளை எடுத்துக் கொடுக்கக் கூப்பிடுகிற மாதிரி அதில் ஒரு பரிவின் சாயல்கூட இருக்கும். பிறகு ஒரு சின்ன இடைவெளி. நாடா ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போய்ச் சேருகிற நேரம்தான். அதற்குப் பின் விழும் “ஏய்!” அந்தப் பரிவை வெட்டிப் போட்டுவிடும். ஊரெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்தது, சிறுவர்கள்கூடச் சொன்னார்கள். ஆனால் எல்லோரும் சொன்னது வார்த்தைகளை மட்டும். அந்த இடைவெளி யாருக்கும் வரவில்லை.

அச்சம் அந்த இடைவெளியில்தான் இருந்தது. எதிரே நிற்கும் அந்த வீட்டுப் பெண்களான ஈஸ்வரிக்கும் ரேணுகாவுக்கும் நந்தினிக்கும் அந்த அரை நொடியில் மூச்சு நிற்கும். திரையைப் பார்க்காமல் கேட்கிறவருக்கும் அது புரியும், ஏனென்றால் அந்தக் கணத்தில் அவர்களிடமிருந்தும் சத்தம் வராது. ஒரு நடிகர் தன் எதிரில் இருப்பவர்களுக்கும் சேர்த்து நடிப்பது என்றால் இதுதான்.

2023 செப்டம்பர் 8 காலை, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரிமுத்துவுக்கு மாரடைப்பு வந்தது, அவர் பிழைக்கவில்லை. பின்னர் அந்த நாற்காலிக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். அவருடையது கனத்த குரல், ராமநாதபுரத்து மண்ணின் குரல். அதற்கென்று ஓர் அழகு உண்டு. ஆனால் பயமுறுத்தப் போகிறேன் என்பதை அது முதல் சொல்லிலேயே சொல்லிவிடும். மாரிமுத்து கடைசிச் சொல்வரை சொல்ல மாட்டார்.

சத்தமில்லாத நடிப்புக்கு நம்மிடம் பழைய உதாரணமும் இருக்கிறது. 2002 முதல் 2005 வரை ஓடிய திருமுருகனின் ‘மெட்டி ஒலி’ தொடரில் ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக டெல்லி குமார். சம்பந்தி வீட்டு வாசலில் அந்தத் தகப்பனின் குரல் ஒரு படி இறங்கும். தன் வீட்டுக்குத் திரும்பியதும், பெண்களுக்குத் தெரியக்கூடாதே என்று அந்தப் படியை ஏறிக்கொள்ளும். வசனத்தில் எழுதி வைக்க முடியாத காரியம் அது.

அமெரிக்காவின் எம்மி விருதில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பரிந்துரைக்கப்பட்ட நடிகர் தன் தொடரிலிருந்து ஒரே ஓர் எபிசோடைத் தேர்ந்து நடுவர்களுக்குக் கொடுப்பார். ஆனால் அங்கே கணிப்பு பொய்ப்பதும் உண்டு. ‘மேட் மென்’ தொடரின் ஜான் ஹாம், ‘தி சூட்கேஸ்’ என்ற அற்புதமான எபிசோடைக் கொடுத்தும் 2011-ல் தோற்றார். சிறந்த நாயகனுக்கான விருது எட்டாவது பரிந்துரையில், 2015-ல்தான் கைக்கு வந்தது. வாரம் முழுக்க ஓடும் நம் சீரியல்களில் ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நம் நடிகர்கள் எதைக் கொடுப்பார்கள்? அழுகை நாளைத்தான் கொடுப்பார்கள் என்று அஞ்சுகிறேன்.

சினிமாவில் நெசவாளர் வேடத்துக்கே தேசிய விருது கிடைத்த கதை ஆரணிக்குப் பக்கத்துக் காஞ்சிபுரத்தைப் பற்றியது. பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ படத்துக்காக 2007-ஆம் ஆண்டின் சிறந்த நடிகராக பிரகாஷ் ராஜ் 2009-ல் அறிவிக்கப்பட்டார். மகளுக்குப் பட்டுச் சேலை கட்டி அனுப்புவேன் என்று வாக்குக் கொடுத்த நெசவாளி, பட்டு நூலை வாய்க்குள் ஒளித்து வெளியே கொண்டுவருவான். கணீரென்ற குரலுக்குப் பேர்போன நடிகருக்கு அங்கே பேச வாயில்லை. கன்னம் அசையக்கூடாது, எச்சிலை விழுங்கவும் பயம். திருட்டும் பாசமும் கண்ணில் மட்டும் தெரிய வேண்டும். காதால் பார்க்கும் நெசவாளி, தறியை நிறுத்திவிட்டுக் கண்ணால் பார்க்க வேண்டிய இடம் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீரியல் நாயகிகளில் பலர் கன்னடம், மலையாளம் பேசும் ஊர்களிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்காகத் தமிழில் விம்முவதும் சீறுவதும் ஒலிப்பதிவுக் கூடத்தில் நிற்கும் வேறொரு பெண். ஆரணியில் தறி மேல் கண் வைத்திருப்பவர் உண்மையில் ரசிப்பது அந்தப் பெண்ணின் நடிப்பை. மேடையேறி விருது வாங்குவதோ முகம். தமிழக அரசின் திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரல் கொடுப்பவருக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. சேனல்களின் விழாக்களிலும் அதற்கு நாயகி விருதுக்குச் சமமான இடம் வேண்டும். அடுத்த விழாவுக்கு வாக்களிக்கும் முன் ஒரு நாளாவது டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அந்தத் தொடரைக் கேளுங்கள். பிறகு பெயரைச் சொல்லுங்கள்.