அரிச்சல்முனையில் தொடங்கும் ரோமிங்

தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வளைவில் வண்டியை நிறுத்தி இறங்குகிறவர்கள் பலருக்கு அங்கே ஒரு குறுஞ்செய்தி வரும். இலங்கைக்கு வந்திருக்கிறீர்கள், ரோமிங் கட்டணம் இவ்வளவு என்று அவர்களுடைய இந்திய நிறுவனமே அனுப்பும் செய்தி. கால் இன்னும் இந்திய மணலில்தான் இருக்கும். போன் மட்டும் கடல் தாண்டியிருக்கும்.

தங்கச்சிமடத்துக்காரனான எனக்கு இது சின்ன வயதிலிருந்து பழகிய சங்கதி. இருந்தும் சில வருடங்களுக்கு முன் ஒரு தவறு செய்தேன். வெளியூர் வேலைக்காக ஒருமுறை போஸ்ட்பெய்டு எண்ணில் சர்வதேச ரோமிங்கைத் திறந்தேன், திரும்பி வந்ததும் அதை மூட மறந்துவிட்டேன். விருந்தாளிகளை அரிச்சல்முனைக்குக் கூட்டிப்போன ஒரு சாயங்காலம் போன் தானாகவே எதிர்க்கரை டவரைப் பிடித்தது. பின்னால் ஓடிக்கொண்டிருந்த செயலிகள் அரை மணி நேரத்தில் தின்ற டேட்டாவுக்கு வந்த பில், அந்த மாதத்துச் சம்பளத்தில் கண்ணில் படும் அளவுக்கு ஓட்டை போட்டது. வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்த சிம் நல்லது என்பதை ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத் தீர்மானித்தேன்.

முதலில், இது ஏன் நடக்கிறது? தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கி.மீ. கடல். பழைய 2ஜி முறையில் ஒரு டவரோடு போன் பேசக்கூடிய தூரம் வழக்கமாக 35 கி.மீ.தான். அலை போய்ச் சேர ஆகும் நேரத்தை ஈடுகட்ட அந்த முறை ஒதுக்கியிருக்கும் இடைவெளி அவ்வளவே. நம் கடல் அதற்குள் அடங்கிவிடுகிறது. 4ஜியில் எல்லை இன்னும் நீளம். அடுத்தது பூமியின் வளைவு. 50 மீட்டர் உயர டவரிலிருந்து ரேடியோ அலை மறைப்பில்லாமல் போகும் தூரம் கணக்குப்படி ஏறத்தாழ 29 கி.மீ. நிற்கிறவர் கையில் போன் இருக்கும் உயரத்துக்கு இன்னும் ஐந்து கி.மீ. கூட்டிக்கொள்ளலாம். நடுவில் கட்டடம் இல்லை, தோப்பு இல்லை, வெறும் தண்ணீர். இந்தப் பக்கத்து டவர் வலுக்குறைந்த இடத்தில் அந்தப் பக்கத்து அலை வந்து உட்காருவதில் அதிசயம் ஒன்றுமில்லை.

அங்கே போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: செட்டிங்கில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து எடுத்து, உங்கள் நிறுவனத்தின் பெயரை நீங்களே தேர்ந்தெடுங்கள். டவர் கிடைக்காமல் போகலாம், ஆனால் பில் வராது. திரும்பும் வழியிலும் போன் எதிர்க்கரையையே பிடித்துத் தொங்கினால் ஃப்ளைட் மோடை ஒரு முறை போட்டு எடுத்தால் போதும்.

சோதனைக்கு நான் எடுத்துக்கொண்ட பயணம் பேசாலைக்கு. அப்பத்தாவின் தம்பி மகன், எனக்கு மாமா முறை, மன்னார்த் தீவில் அந்த ஊரில் இருக்கிறார். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து 1964 டிசம்பர் புயல் வரைக்கும் சென்னையில் எடுத்த ஒரே டிக்கெட்டில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறி கொழும்பு போய்விடலாம். போட் மெயில் என்ற பேரை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். புயலுக்குப் பிறகு இராமேஸ்வரத்திலிருந்து போன கப்பலும் 1980களில் நின்றது. இன்றைக்கு நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் உண்டு, 2023இல் தொடங்கியது. நான் மதுரைக்குப் போய் விமானத்தில் கொழும்பில் இறங்கி, கோட்டை நிலையத்தில் தலைமன்னார் ரயிலைப் பிடித்தேன். போரில் அழிந்த அந்தப் பாதையை மறுபடி போட்டு, தலைமன்னார் வரை ரயில் விட்டது 2015 மார்ச்சில். 30 கி.மீ. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தீவுக்கு ஒரு பகலும் ஒரு இரவும் ஆயிற்று.

கையில் இரண்டு போன். புதியதில் வீட்டு சிம்மும், இணையத்தில் வாங்கிய ஏழு நாள் இ-சிம்மும். பழையது இரண்டு சிம் போடுவது, உள்ளூர் சிம்முக்காக அதைக் காலியாக வைத்திருந்தேன்.

இ-சிம் என்பது தனிக் கார்டு இல்லை. போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சில்லில் ஒரு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் இணைப்பு இறங்கிவிடும். அந்த ஸ்கேனுக்கே நெட் வேண்டும் என்பதால் வீட்டு வைஃபையில் முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. இங்கே நம் கரைக்காரர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. இந்த மாதிரிப் பல திட்டங்களில் நாள் கணக்கு வாங்கிய அன்று தொடங்குவதில்லை, அந்த நாட்டு டவரை முதன்முதலாகப் பிடித்த நேரத்தில் தொடங்கும். இலங்கைக்கான இ-சிம்மை நான் போனில் ஏற்றி வைத்துக்கொண்டு, விமானத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு வேலையாக தனுஷ்கோடி போனேன். அது அங்கேயே எதிர்க்கரையைப் பிடித்துக்கொண்டது. ஏழு நாளில் இரண்டு நாள் மணலிலேயே கரைந்தது. ஏற்றி வைக்கலாம், ஆனால் விமானம் இறங்கும் வரை அந்த இணைப்பை அணைத்து வைக்க வேண்டும். கோயம்புத்தூர்க்காரருக்கு இந்த எச்சரிக்கை தேவைப்படாது.

இன்னொன்றும் வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு இ-சிம்களை அனுமதியில்லாமல் விற்றதாக ஏர்அலோ, ஹோலாஃப்ளை ஆகிய செயலிகள் 2024 ஜனவரியில் அரசு உத்தரவின்பேரில் இந்தியாவில் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டன. எந்தக் கடையானாலும் இந்தியாவில் விற்க அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கட்டுநாயக்காவில் இறங்கியதும் இ-சிம் உடனே வேலை செய்தது, அதில் குறையில்லை. அநுராதபுரம் தாண்டும் வரை மேப்பும் வாட்ஸ்அப்பும் நன்றாக ஓடின. ஆனால் இது வெறும் டேட்டா. இதற்கென்று ஒரு எண் கிடையாது. மாமா வீட்டில் வாட்ஸ்அப்பை யாரும் எந்நேரமும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ரயில் தாமதம் என்று சொல்ல ஒரு சாதாரண போன் கால் தேவைப்பட்டபோது இ-சிம் கைவிட்டது. வீட்டு சிம்மில் ரோமிங்கைத் திறந்து அழைத்தேன்.

அப்படித் திறந்ததை ஒரு நாள் டேட்டாவுக்கும் வைத்துப் பார்த்தேன். வசதி என்றால் இதுதான் வசதி: நம் எண்ணிலேயே அழைப்பு வரும், எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் மூன்றிலும் மெதுவானது இது. காரணம் பாதை. ரோமிங்கில் நம் டேட்டா பொதுவாக அந்த ஊரிலிருந்து நேராக இணையத்துக்குப் போவதில்லை. முதலில் இந்தியாவிலிருக்கும் நம் நிறுவனத்தின் வாசலுக்கு வந்து, அங்கிருந்துதான் வெளியே போகும். நான் வாங்கிய இ-சிம்மோ சிங்கப்பூர் வழியாக வெளியேறியது. இணைய முகவரியைச் சோதித்தபோது தெரிந்தது. பேசாலையில் நின்று பேசாலைக் கடையின் பக்கத்தைத் திறக்க இவ்வளவு சுற்று. வீடியோ கால் அடிக்கடி உறைந்ததற்கு இந்தச் சுற்றும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

மன்னார் டவுனில் மூன்றாம் நாள் ஒரு சின்னக் கடையில் ரீசார்ஜ் பற்றிக் கேட்டேன். கடைத் தம்பி ஒரு நொடி யோசித்து, "ரீலோட்டோ அண்ணை?" என்றார். அங்கே அதற்கு அந்தச் சொல்தான். "சிம்மும் வேணுமெண்டால் பாஸ்போர்ட்டைத் தாங்கோ, இப்பவே பதிஞ்சு தாறன்." பதிவு முடிந்து டவர் வர பத்து நிமிடம்கூட ஆகவில்லை. +94 எண் ஒன்று என் கையில் இருந்தது. மாமா வீட்டுக்கு, ஆட்டோக்காரருக்கு, விடுதிக்கு எல்லாம் அதிலிருந்து அழைத்தேன், அவர்களும் தயங்காமல் திருப்பி அழைத்தார்கள். இந்திய எண்ணுக்குத் திருப்பி அழைக்க அங்கே யாரும் யோசிப்பார்கள், அவர்களுக்கு அது வெளிநாட்டு அழைப்பு. அவசரத்துக்கு 1990 ஆம்புலன்ஸ், 119 போலீஸ் இரண்டையும் அதில் பதிந்து வைத்தேன். அந்த 1990 சேவை இந்தியாவின் நன்கொடையில் 2016இல் தொடங்கியது.

என் தேர்வு உள்ளூர் சிம். கட்டுநாயக்காவில் வெளியே வரும் இடத்திலேயே டயலாக், மொபிடெல் கவுன்டர்கள் இருக்கின்றன, மன்னார் வரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டே நாள் கொழும்பில் தங்கி, யாரையும் அழைக்க வேண்டியிராதவருக்கு இ-சிம் போதும். உறவுக்காரர்களைப் பார்க்கப் போகிறவருக்குப் போதாது.

ஆனால் வீட்டு சிம்மைக் கழற்றிப் பர்சில் போட்டுவிடாதீர்கள். வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். ரோமிங்கில் வரும் குறுஞ்செய்திக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. உங்கள் நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். யுபிஐக்கும் பதிவு செய்த சிம் அதே போனில் இருக்க வேண்டும். 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையில் யுபிஐ செல்லும், செயலியில் சர்வதேசப் பரிமாற்றத்தை நாமே திறந்துகொள்ள வேண்டும். கொழும்பில் ஒரு பெரிய கடையில் ஸ்கேன் செய்தேன், பணம் போனது. மன்னார்க் கடையில் ரூபாய் நோட்டுத்தான். சிம் மாற்றியதும் வாட்ஸ்அப் எண்ணை மாற்றட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பழைய எண்ணிலேயே ஓடும். இரண்டு சிம்மும் ஒரே போனில் இருந்தால், ஒன்றில் டவர் குறையும்போது டேட்டாவைத் தானாக மற்றதற்கு மாற்றும் வசதி ஒன்று செட்டிங்கில் ஒளிந்திருக்கும். வீட்டு சிம்மில் ரோமிங் திறந்திருக்கும்போது அது பணத்தைத் தின்னும். கிளம்பும்போதே அணைத்துவிடுங்கள்.

கடலுக்குப் போகிற நம் ஆட்களுக்கு இந்த விமர்சனத்தில் ஒன்றே ஒன்று பொருந்தும், அதை அழுத்திச் சொல்ல வேண்டும். போனில் எந்த நாட்டு டவர் தெரிகிறது என்பது, படகு எந்த நாட்டுக் கடலில் இருக்கிறது என்பதற்குச் சான்றே இல்லை. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லைக் கோட்டை அலைக்குத் தெரியாது. அரிச்சல்முனை மணலில் இலங்கை டவர் கிடைப்பது போலவே, கோட்டைத் தாண்டிய பிறகும் இந்திய டவர் கிடைக்கலாம். நம்ப வேண்டியது ஜிபிஎஸ்ஸை. அதற்கு டவரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். டவர் இல்லாத தூரத்திலிருந்து கரைக்குச் செய்தி சொல்ல இஸ்ரோ உருவாக்கிய செயற்கைக்கோள் கருவிகள் உதவும். இந்திய டவர் எட்டும் இடமென்றால் கடலோரக் காவல்படையின் 1554. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகேறுகிறவர்கள், பாஸ்போர்ட் கேட்காத பயணம்தானே என்று இருந்துவிடாமல், ஏறும் முன்பே டேட்டா ரோமிங்கை அணைத்துவிடட்டும்.

கடைசி நாள் மாமாவோடு தலைமன்னார் இறங்குதுறைக்குப் போனேன். கப்பல் நின்று பல ஆண்டுகளான மேடை. காற்று நம் பக்கத்துக் காற்றைப் போலவே மணலை வாரி அடித்தது. வீட்டு சிம்மில் நெட்வொர்க் தேடலைப் போட்டேன். இலங்கைப் பெயர்கள் வரிசையாக வந்தன. வெயில் தாழ்ந்து மறுபடி தேடியபோது அவற்றின் கீழே ஒரு இந்தியப் பெயர் தெரிந்தது. தொட்டேன், இணையவில்லை. மூன்றாம் தேடலில் அது பட்டியலிலேயே இல்லை.

மன்னாரில் வாங்கிய சிம்மிலிருந்து வாட்ஸ்அப்பில் அம்மாவை அழைத்தேன். தெளிவாகக் கேட்டது. எடுத்ததும் அம்மா கேட்டாள்: "என்னப்பா, காத்து இந்த இரை இரையுது. தனுஷ்கோடியிலயா நிக்கிற?"