பெஞ்சில் சிரித்தவரும் பேட்டியில் சிரிக்காதவரும்

2007 ஏப்ரல் 15. டல்லாஸ் நகரில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸும் டல்லாஸ் மேவரிக்ஸும் மோதிய என்பிஏ கூடைப்பந்து ஆட்டம். ஸ்பர்ஸ் அணியின் டிம் டங்கன் ஏற்கெனவே ஒரு டெக்னிக்கல் ஃபவுல் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நடுவர் ஜோயி கிராஃபோர்ட் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தபோது டங்கன் சிரித்தார். அவ்வளவுதான், இரண்டாவது டெக்னிக்கல் ஃபவுல், வெளியேற்றம். பந்தைத் தொடாமல், யாரையும் இடிக்காமல், பெஞ்சில் உட்கார்ந்தபடி சிரித்ததற்காக ஒரு நட்சத்திரம் ஆட்டத்தை விட்டுப் போனார்.

டங்கன் சிரிப்பாளி என்று பெயர் எடுத்தவரில்லை. கோப்பையை வென்றாலும் பேருந்துக்குக் காத்திருப்பவர் போல நிற்கிற முகம் அது. ‘சுவாரஸ்யமில்லாத ஆள்’ என்றே பல ஆண்டுகள் எழுதினார்கள். ஆனால் இந்த மனிதர் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தவர். 1997இல் வெளிவந்த ஒரு நூலில், தற்பெருமைக்காரர்களிடம் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற அத்தியாயத்தை எழுதியவர்களில் ஒருவர். ஊதிப் பெருத்த அதிகாரத்தைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வந்ததில் என்ன ஆச்சரியம்? நகைச்சுவை உணர்வு இல்லாதவர் என்று நினைத்தவர்களுக்கு, அவர் எதைக் கண்டு சிரிப்பார் என்பது அன்று தெரிந்தது. நடுவருக்கும் தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம். அந்த சீசனின் மீதி ஆட்டங்களுக்கும் ப்ளே-ஆஃபுக்கும் கிராஃபோர்டை என்பிஏ இடைநீக்கம் செய்தது. டங்கனுக்கும் 25,000 டாலர் அபராதம் விழுந்தது.

ஒருவரின் நகைச்சுவை உணர்வை அளக்க எவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறார் என்று பார்ப்பது, சிக்ஸர்களை மட்டும் எண்ணி பேட்ஸ்மேனை எடைபோடுவது போல. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் புரொவைன் பொது இடங்களில் மக்கள் சிரிப்பதை ஒட்டுக்கேட்டுக் குறித்துக்கொண்டவர். பெரும்பாலான சிரிப்புக்கு முன்னால் ஜோக் என்று சொல்லத்தக்க எதுவுமே இல்லை. கேட்பவரைவிடப் பேசுபவரே அதிகம் சிரிக்கிறார் என்பது அவர் கண்டது. நாம் வேடிக்கைக்குச் சிரிப்பதைவிட உறவுக்காகவும் மரியாதைக்காகவும் சிரிப்பதே அதிகம். கேப்டன் ஜோக் அடித்தால் டக்-அவுட்டே குலுங்குவதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோமே!

இப்போது நம்ம ‘தல’ தோனி பக்கம் வருவோம். 2016 மார்ச் 31, வான்கடே. டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் 193 ரன் இலக்கை வெஸ்ட் இண்டீஸ் எட்டிவிட்டது. தோற்ற இந்திய அணியின் கேப்டன் தோனியிடம் ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஒருவர், தொடர்ந்து ஆடும் ஆர்வம் இருக்கிறதா என்று கேட்டார். தோனி அவரை மேடைக்கே அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துத் தோளில் கைபோட்டார். நான் ஓய்வு பெறணுமா? ஓடுவதைப் பார்த்தீர்களே, உடல்தகுதி குறைந்திருக்கிறதா? 2019 உலகக் கோப்பை வரை தாங்குவேனா? எல்லாவற்றுக்கும் தனக்குச் சாதகமான பதிலை அந்த மனிதர் வாயாலேயே வாங்கிவிட்டு, உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள் என்று அனுப்பிவைத்தார். அறை முழுக்கச் சிரிப்பு. தோனியின் உதட்டோரம் மட்டும் லேசாக அசைந்தது.

டைமிங் அபாரம், சந்தேகமில்லை. தோற்ற இரவில் அந்த நிதானம் எத்தனை பேருக்கு வரும்? 2019 உலகக் கோப்பை அரையிறுதி வரை ஆடியும் காட்டினார். ஆனாலும் அலசலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேட்டது நியாயமான கேள்வி. அது பதிலில்லாமல் காற்றில் போனது. மேடையும் மைக்கும் தோனியிடம். சிரித்த அறையில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே வேடிக்கையாக இருந்தது, எத்தனை பேர் கேப்டன் பக்கம் நின்றார்கள்? தோனியின் நகைச்சுவை ஒரு தடுப்பாட்டம். பந்து வரும் கோணத்தைப் பார்த்து, மட்டையை மெதுவாக வைத்து, வந்த வேகத்தையே பயன்படுத்தித் திருப்பிவிடுவது. அவர் பேட்டிங்கின் கடைசி ஓவர் கணக்கும் இதே குணம்தான்.

அடக்கியும் அடங்காத சிரிப்பு வேறு ரகம். 1991 ஆகஸ்ட் 9, லண்டன் ஓவல் மைதானம். வெஸ்ட் இண்டீஸின் கர்ட்லி ஆம்ப்ரோஸ் வீசிய பந்தை ஹூக் செய்யப்போய் நிலைதடுமாறிய இங்கிலாந்தின் இயன் போத்தம், ஸ்டம்புகளைத் தாண்டிவிடப் பார்த்தார். தொடை உரசி பெய்ல் விழுந்தது. ஹிட் விக்கெட், 31 ரன். மாலையில் பிபிசி வானொலியில் அன்றைய ஆட்டத்தைத் தொகுத்துச் சொல்லும்போது, போத்தமின் கால் தாண்டாத கதையை வர்ணனையாளர் ஜொனாதன் ஆக்னியூ கொஞ்சம் விவகாரமான இரட்டை அர்த்தம் தொனிக்கச் சொல்லிவிட்டார். பக்கத்தில் பிரையன் ஜான்ஸ்டன், வயது 79, வர்ணனையில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

ஜான்ஸ்டன் உடனே சிரிக்கவில்லை என்பதுதான் அந்த ஒலிப்பதிவின் ருசி. நிறுத்தப்பா என்று ஆக்னியூவை அதட்டிவிட்டு, கடமை தவறாமல் அடுத்த பேட்ஸ்மேன் பற்றிப் பேசுகிறார். வாக்கியம் பாதியில் நடுங்குகிறது. ஆக்னியூ உதவிக்கு வரப் பார்க்கிறார். அவருக்கும் மூச்சு மட்டும்தான் வருகிறது. கடைசியில் ஜான்ஸ்டனின் குரல் கீச்சென்று மேலே ஏறி உடைகிறது. தானாகப் பீறிடும் சிரிப்பில் குரல், வேண்டுமென்றே எட்ட முடியாத உயரத்துக்குப் போகும் என்கிறார்கள் இதை ஆராய்ந்தவர்கள். அந்தக் கீச்சை நடித்துக் காட்ட முடியாது. வயதும் அனுபவமும் கட்டிக் காத்த மரியாதைக்கு அடியில் பள்ளிக்கூடக் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் இருந்ததை, நேரலையில் நாடே கேட்டது.

இவர்கள் எல்லோரும் மற்றவர் விஷயத்துக்குத்தான் சிரித்தார்கள், சிரிக்கவைத்தார்கள். தன் தோல்விக்குச் சிரிக்கத் தெரிந்தவர் என்றால் என் ஓட்டு நியூசிலாந்தின் கிறிஸ் மார்ட்டினுக்கு. 71 டெஸ்ட், 233 விக்கெட். பேட்டிங்கில் எடுத்த மொத்த ரன் 123. எடுத்த விக்கெட்டில் ஏறக்குறையப் பாதிதான். டக் மட்டும் 36. அவர் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாலே அரங்கம் குஷியாகிவிடும். பேட்டிங் கற்றுத்தருவதாக ஒரு கேலிக் காணொளியில் வாத்தியாராக நடித்தவரும் அவரேதான். பந்துவீச்சில் 233 விக்கெட் கைவசம் இருப்பவருக்குத்தான் அந்தச் சிரிப்பு கட்டுப்படியாகும் என்று சிலர் சொல்லலாம். சரிதான். ஆனால் அதைவிட நிறைய விக்கெட்டும் நிறைய ரன்னும் எடுத்துவிட்டு, ஒரு டக் அடித்ததற்காக ஹெல்மெட்டை வீசி எறிந்தவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம்.