கணினி விளையாட்டும் கற்றற் கொள்கைகளும்

விளையாட்டும் கல்வியும் ஒன்றற்கொன்று பகையெனக் கருதிய காலம் கழிந்தது. இன்று வகுப்பறையிற் கணினி விளையாட்டுக்கு இடமளித்தல் வேண்டும் என்பார் பலர். அவர் தம் கூற்றுக்கு அரணாக உளவியலறிஞர் பெயர்களையும் எடுத்தாளுகின்றனர். பெயரை எடுத்தாளுதல் எளிது. அவ்வறிஞர் கொள்கை அவ்விளையாட்டில் மெய்யாகவே அமைந்துள்ளதா என ஆராய்தலே அரிது. அவ்வாராய்ச்சிக்கு உரைகல்லாக ஒரு வினாவினைக் கொள்வோம்: மாணாக்கன் பிழை செய்யுங்கால் விளையாட்டு யாது செய்கின்றது?

முதற்கண் நாம் நன்கறிந்த இரு விளையாட்டுக்களை நோக்குவோம். பரமபத சோபானம் அறம் புகட்ட அமைந்தது. ஏணி நல்வினைக்கும் பாம்பு தீவினைக்கும் அறிகுறி. ஆயின் ஆடுவோனைப் பாம்பின் வாயிற் சேர்ப்பது தாயக்கட்டையேயன்றி அவன் செய்த பிழையன்று. ஆதலின் அவ்வீழ்ச்சியால் அவன் கற்பது யாதுமில்லை. பல்லாங்குழியோ அத்தகையதன்று. குழியிலுள்ள முத்துக்களை எண்ணிப் பாராது எடுத்தவன், அடுத்தடுத்து இரு வெறுங்குழிகளைக் கண்டு ஆட்டத்தை மற்றவனுக்கு விட்டுக்கொடுப்பான். அவன் பிழையைப் பிறர் சுட்ட வேண்டுவதில்லை, குழியே சுட்டும்.

இனிக் கணினிக்கு வருவோம். அமெரிக்க அறிஞர் ஸ்கின்னர் 1958ஆம் ஆண்டிற் கற்பித்தற் பொறிகளைப் பற்றி விரிவாக எழுதினார். பாடத்தைச் சிறு படிகளாக வகுத்தல், விடை சரியா பிழையா என்பதை உடனே அறிவித்தல், ஒவ்வொருவனும் தன் வேகத்திற் செல்ல விடுதல் என்னும் மூன்றும் அவர் வலியுறுத்தியவை. இன்று பெருவழக்காயுள்ள வினாவிடை விளையாட்டுக்கள் பல, இவற்றுள் இரண்டாவதனை ஏற்று, மூன்றாவதனைத் தலைகீழாக்கிவிட்டன. விரைந்து விடையளித்தவனுக்கே அங்கு மிகுந்த புள்ளி. ஸ்கின்னர் பெயரால் வழங்குவது ஸ்கின்னருக்கே முரணாகின்றது.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எம் வகுப்பொன்றில் யானும் அத்தகைய விளையாட்டை நடத்தியதுண்டு. தொடக்கத்தில் ஆரவாரம் மிக்கிருந்தது. சின்னாட் கழிந்தபின், ஆழ்ந்து சிந்திக்கும் இயல்பினளான மாணவி ஒருத்தி வினாவைப் படியாமலே விடையைத் தொட்டுவிடக் கண்டேன். காரணம் வினவியபோது, "வாசித்தால் பிந்திவிடுவேன், சேர்" என்றாள். பிழை அவளதன்று, தேர்ந்தெடுத்த எனதே. படம் வரைதலை இயல்பாகவே விரும்பிய சிறாருக்குப் பரிசு தருவதாக முன்கூட்டி உரைத்து வரைவித்தபோது, பின்னர் அவர்தம் ஆர்வம் குன்றியதை லெப்பர், கிரீன், நிஸ்பெற் ஆகியோர் 1973இற் காட்டியுள்ளனர். புள்ளிகளை அள்ளி வழங்குவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இதற்கு மறுதலையாய் நிற்பது 1967இல் உருவான லோகோ என்னும் கணினி மொழி. பியாஜேயுடன் ஜெனீவாவிற் பணியாற்றிய பப்பேற் அதனை ஆக்கியோருள் ஒருவர். திரையில் 'ஆமை' என்னும் குறியொன்று கட்டளைப்படி நகர்ந்து கோடு வரையும். சமபக்க முக்கோணம் வரையப் புகுந்த சிறுவன், கோணம் 60 பாகை என்னும் பாடத்தை நினைந்து, ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் ஆமையை 60 பாகை திருப்புகின்றான். மூன்று பக்கம் வரைந்தும் உரு மூடவில்லை. அறுகோணத்தின் பாதியே கிடைக்கின்றது. திரும்ப வேண்டியது அகக்கோணமன்று, 120 பாகையாகிய புறக்கோணமே எனத் தானே தெளிகின்றான். இங்கே பிழை தண்டனைக்குரியதன்று, அதுவே ஆசான். நல்ல விளையாட்டுக்களிற் பிழையின் விலை சிறிதாதலை 2003இல் வெளிவந்த தம் நூலிற் ஜேம்ஸ் போல் ஜீ என்பாரும் விதந்து கூறினார்.

வாய்பாட்டைப் பயிற்றுதற்கு விரைவு விளையாட்டும் ஓரளவு பயன்படும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் பயிற்சி வேறு, விளக்கம் வேறு. முன்னதற்குரிய கருவியைப் பின்னதற்கும் போதுமெனக் கொள்ளுதலே இன்று நிகழும் தவறு.

கணினி பற்றாத பாடசாலைகள் நம்மிடையே உள. அவற்றின் ஆசிரியர் வருந்த வேண்டுவதில்லை. பப்பேற் தாமே, மாணாக்கன் ஆமையாக நடந்து பார்க்க வேண்டும் என்றார். முற்றத்து மணலில் ஒரு சிறுவனை நடக்க விட்டு, அவன் அடிச்சுவடு முக்கோணமாய் மூடுகின்றதா என மற்றையோர் பார்க்கட்டும். கொள்கை கருவியில் இல்லை. பிழையை நாம் மதிக்கும் முறையில் உளது.