உடல் யார் காவலில்?
சட்ட மருத்துவம் குறித்துச் சில குறிப்புகள்

எங்கள் சிங்காரப்பேட்டைப் பக்கம் 'சட்ட மருத்துவம்' என்று யாரும் சொல்வதில்லை. 'பாடிய அறுக்கறாங்க' என்பதுதான் பேச்சு. கிணற்றில் விழுந்தாலும் பூச்சிமருந்து குடித்தாலும் உடல் ஊத்தங்கரை அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும். வெளியே நிற்கும் சொந்தக்காரர்களின் கேள்வி 'எப்பத் தருவாங்க?' என்பது. 'எப்படிச் செத்தான்?' என்பது அரசின் கேள்வி. உள்ளே அறுக்கிற கை ஒருவருடையது, சான்றிதழில் விழும் கையெழுத்து இன்னொருவருடையது. அறுக்கிற கை பெரும்பாலும் எந்தச் சாதியின் கை என்பது இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரியும். 'அறிவு' என்பது கையெழுத்துப் போடுபவரின் சொத்தாகி, அறுத்தவர் வெறும் 'உதவியாளர்' ஆகிவிடும் இந்த ஏற்பாட்டிலிருந்தே இந்த அறிவுத்துறையைப் படிக்கத் தொடங்கலாம்.

'உடல் பொய் சொல்லாது' என்பது இத்துறையின் ஆதார வாக்கியம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் ஒளிந்திருக்கும் மற்றொரு வாக்கியம் 'ஆள் பொய் சொல்லுவாள்' என்பது. நார்மன் செவர்ஸ் என்ற வெள்ளைக்கார மருத்துவர் 1856இல் வங்காளத்துக்காக எழுதிய சட்ட மருத்துவக் கையேடு இந்தியாவில் இத்துறையின் மூலப்பிரதிகளுள் ஒன்று. விஷம், கருக்கலைப்பு, பொய்ப் புகார் என்று 'நேட்டிவ்' குற்றங்களைத் தேடித்தேடித் தொகுத்த நூல். சுதேசி சாட்சியை நம்ப முடியாது, ஆகவே உடலைச் சாட்சியாக்கு என்பதே அதன் தர்க்கம். காலனிய நீதிக்கு அறிவியல் தேவைப்பட்டது உண்மையின் மேல் இருந்த காதலால் அல்ல. எங்கள் ஆட்களின் வாயை நம்பாததால்தான்.

1920இல் வந்த ஜெய்சிங் மோதியின் பாடநூல் இந்தியர் எழுதியது. தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்களும் வக்கீல்களும் அதை உருப்போட்டிருக்கிறார்கள். எழுதியவர் மாறினார், சந்தேகம் மாறவில்லை. வயதுவந்த ஆரோக்கியமான பெண்ணை அவள் விருப்பமின்றி ஒற்றை ஆள் வன்புணர்வது கடினம் என்ற இங்கிலீஷ் நூல்களின் கருத்து இதற்குள்ளும் வந்து உட்கார்ந்தது. எதிர்த்திருந்தால் காயம் இருக்கும், காயம் இல்லையென்றால் சம்மதம். இது மருத்துவம் அல்ல, ஒழுக்கவியல். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்த ஒழுக்கவியல்.

மதுரா வழக்கில் இது பச்சையாகத் தெரிந்தது. 1972இல் மகாராஷ்டிரத்தில் ஒரு ஆதிவாசிச் சிறுமியைப் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே வன்புணர்ந்தார்கள். மருத்துவ அறிக்கை உடலில் காயமில்லை என்றது. கன்னிச்சவ்வில் பழைய கிழிசல் என்றது. இரண்டு விரல் நுழைகிறது என்றது. 1978இல் உச்ச நீதிமன்றம் இரு போலீஸ்காரர்களையும் விடுவித்தது. அந்த 'இருவிரல் சோதனை' எதையும் நிரூபிக்காது என்று 2013இல் அதே நீதிமன்றம் சொன்னது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும், அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டன. ஐம்பது வருஷம்! இந்த ஐம்பது வருஷமும் அது 'அறிவியல்' என்ற பெயரில்தான் நடந்தது.

இனி வாச்சாத்தி. சித்தேரி மலையடிவாரம், அரூர்ப் பக்கம். 1992இல் சிங்காரப்பேட்டையும் வாச்சாத்தியும் ஒரே தருமபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல்தான். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைப் படை ஊருக்குள் இறங்கியது. வீடுகள் நொறுக்கப்பட்டன. பதினெட்டுப் பெண்கள் வன்புணரப்பட்டார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதே நம் பொருளுக்கு முக்கியம். அந்தப் பெண்களையே குற்றவாளிகளாக்கி, அரூர் வனத்துறை அலுவலகத்தில் வைத்திருந்து, சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். அதாவது தடயம் எதில் இருந்ததோ அந்த உடல், தடயத்தை உண்டாக்கியவன் காவலில் இருந்தது.

அன்றைய சட்டப்படி, கைதான ஒருவர் தன் உடலை டாக்டர் பார்க்க வேண்டும் என்று *தானே* மாஜிஸ்திரேட்டிடம் கேட்க வேண்டும். பக்கத்தில் காவல் நிற்பவன் யார்? போன ராத்திரி வந்தவன், அல்லது அவன் கூட்டாளி. எந்தப் பெண் வாய் திறப்பாள்? கைதான ஒவ்வொருவரையும் டாக்டர் பரிசோதித்தே ஆக வேண்டும் என்று சட்டம் மாறியது 2009 கடைசியில். வன்புணரப்பட்ட பெண்ணை 24 மணி நேரத்துக்குள் பரிசோதிக்க வேண்டும் என்ற பிரிவே 2006இல்தான் நடைமுறைக்கு வந்தது. விந்துத் தடயம் நாட்கணக்கில் அழியும், சிராய்ப்பு இரண்டு வாரத்துக்குள் ஆறும். சி.பி.ஐ. விசாரணைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 1995இல். உடல் பேசக் காத்திருந்தால் வாச்சாத்தி என்ற வழக்கே கிடையாது.

ஆனால் வழக்கு நின்றது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் இறந்துபோன 54 பேர் போக மிச்சமிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதில் 17 பேர் மேல் வன்புணர்வுக் குற்றம். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீதிபதி வேல்முருகன் அதற்கு முன் ஊருக்கே போய்ப் பார்த்தார். அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது தீர்ப்பு. இவ்வளவையும் தாங்கி நின்றது எது? அந்தப் பெண்களின் பேச்சு. படிக்காத, மலைச்சாதிப் பெண்களின், வருஷக்கணக்காக மாறாத பேச்சு. செவர்ஸ் எதை நம்ப முடியாது என்றாரோ, அது.

'அப்படியானால் அறிவியல் வேண்டாமா?' என்று தோழர்கள் கேட்கலாம். அப்படிச் சொல்லவில்லை. சாத்தான்குளத்தைப் பாருங்கள். 2020 ஜூனில் ஜெயராஜையும் பென்னிக்ஸையும் சிறைக்கு அனுப்பத் தகுதி என்று அரசு ஆஸ்பத்திரிச் சான்று சொன்னது. நாலு நாளைக்குள் இருவரும் பிணம். மூன்று டாக்டர்கள் சேர்ந்து, வீடியோ எடுத்து, செய்த பிரேதப் பரிசோதனை வேறு கதை சொன்னது. மருத்துவத்தின் இரண்டு காகிதங்கள், ஒன்றுக்கொன்று எதிராக. ஸ்டேஷனில் எடுத்த ரத்தக்கறை ஆய்வகத்தில் அவர்களுடையது என்று பொருந்தியது. ஆனால் லத்தியிலும் மேஜையிலும் ரத்தம் இருக்கிறது, அழிப்பதற்குள் எடுங்கள் என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னது அங்கே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். கறை தானாகப் பேசவில்லை. பயந்துகொண்டே ஒரு பெண் பேசிய பிறகு அது சாட்சியாயிற்று.

நம் ஆட்களிடமும் ஒரு மயக்கம் இருக்கிறது. 2013இல் இளவரசன் சாவில் தருமபுரி டாக்டர்களை நம்பாமல் எய்ம்ஸ் குழு வரவேண்டும் என்று போராடினோம், வந்தது, மறுபடி அறுத்தது. கேட்டது நியாயம். ஆனால் அவநம்பிக்கையைத் தூரத்து டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு, நத்தம் காலனியை 2012 நவம்பரில் எரித்தவர்களைப் பற்றிய பேச்சைக் காத்திருப்பில் போட்டுவிட்டோமோ என்று எனக்கு உறுத்தல் உண்டு. தண்டவாளத்தோரம் கிடந்த உடலில் சாதி எந்த எலும்பில் தெரியும்?

பூக்கோவும் அவர் மாணவர்களும் 1973இல் வெளியிட்ட பியர் ரிவியேர் நூல் இங்கே கைகொடுக்கும். 1835இல் தாயையும் தங்கையையும் தம்பியையும் கொன்ற ஒரு குடியானவன். அவன் பைத்தியமா இல்லையா என்று டாக்டர்கள் அறிக்கைமேல் அறிக்கையாக மோதிக்கொள்கிறார்கள். நடுவில் அவனே எழுதிய வாக்குமூலம் கிடக்கிறது. அறிக்கைகள் எல்லாம் அதை விழுங்கப் பார்க்கின்றன, முடியவில்லை. நம்முடைய வழக்குக் கட்டுகளை அப்படி யாரும் இங்கே படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. படிக்க வேண்டியது எழுத்தாளர்கள்தான், வக்கீல்கள் அல்ல.

2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழு வருஷமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்கிறது. வரட்டும். ஸ்டேஷனே சம்பவ இடமாக இருந்தால் அவரைக் கூப்பிடுவது யார் என்பதை மட்டும் கேட்டுவைப்போம்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு படிவம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களைப் பரிசோதிக்க மத்திய சுகாதாரத் துறை 2014இல் வெளியிட்ட நெறிமுறை, நடந்ததை அவர் சொற்களிலேயே பதியச் சொல்கிறது. நல்ல விஷயம். அந்தப் படிவம் இருப்பது இங்கிலீஷில். எங்கள் பக்கத்து மலைக்காரப் பெண் 'என்னா பண்ணானுங்க தெரியுமா' என்று சொல்வது டாக்டர் கையில் வேறு எதுவோ ஆகித்தான் காகிதத்தில் இறங்கும். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிற தோழர்கள், அவர் கைநாட்டு வைப்பதற்கு முன் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் 'நான் அப்படிச் சொல்லலியே' என்றால், அதையும் எழுதச் சொல்லுங்கள்.