கும்மி வட்டத்தை உடைத்தது யார்?

அறுபது வயது தாண்டியவர்கள் சேர்ந்து ஆட ஒரு நாட்டுப்புற ஆட்டம் வேண்டும் என்றால், எல்லோரும் முதலில் கேட்பது "எது ஈஸி?" என்றுதான். இந்தக் கேள்வியே தப்பு என்பது என் கட்சி. ஈஸியான ஆட்டம், கஷ்டமான ஆட்டம் என்று பிரிப்பதைவிட, பார்ப்பதற்காக உருவான ஆட்டம், சேர்ந்து ஆடுவதற்காக உருவான ஆட்டம் என்று பிரித்துப் பாருங்கள். பல குழப்பங்கள் தீர்ந்துவிடும். நம்மிடம் இரண்டாவது வகை நிறையவே இருக்கிறது. அதை மேடையில் ஏற்றி முதல் வகையாக மாற்றிவிட்டு, "வயசானவங்களுக்கு ஏத்த ஆட்டமே இல்லையே" என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஆராய்ச்சிக்குக் காரணம் எங்கள் குடியிருப்பில் இருக்கும் பதினோரு பெண்கள். மிகச் சிறியவருக்கு 58, மூத்தவருக்கு 74. பொங்கல் விழாவில் ஆட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். நான் எதையாவது தோண்டிக்கொண்டே இருப்பவன் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் தேடும் வேலை என்னிடம் வந்தது. நான் மென்பொருள்காரன், வழக்கம்போல ஒரு எக்ஸெல் ஷீட் திறந்தேன். ஆட்டத்தின் பெயர், குதிக்கணுமா, உட்கார்ந்து எழணுமா, கையில் தலையில் பாரம் உண்டா, யார் பாடுவது, ஒருவர் பாதியில் விலகினால் ஆட்டம் என்ன ஆகும் என்று பத்திகள் போட்டேன். கடைசிப் பத்தி இவ்வளவு முக்கியம் என்று அப்போது தெரியாது.

முதலில் கழிந்தவை. கரகாட்டம்: தலையில் கரகம், நையாண்டி மேளத்தின் வேகம், கழுத்துக்கும் முதுகுக்கும் பல வருஷப் பயிற்சி. அது தொழில்முறைக் கலைஞர்களின் வித்தை. டம்மிக் கரகம் வைத்து நாலு அடவு போடுவது அவர்களைக் கிண்டல் செய்வது போலத்தான் இருக்கும். பொய்க்கால் குதிரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தேவராட்டம் ராஜகம்பளத்து நாயக்கர்களின் ஆட்டம். பாட்டு கிடையாது, தேவதுந்துபியின் தாளத்துக்கு உட்கார்ந்து எழுந்து சுழல வேண்டும். முழங்கால் தாங்காது. ஒயிலாட்டம் பார்க்க மென்மையாகத் தெரியும், கையில் கைக்குட்டை, வரிசையில் நிற்பது. ஆனால் வேகம் கூடக்கூடக் குதிப்பும் கூடும். பறையைக் குழுவில் ஒருவர் ஆசையோடு சொன்னார். தோளில் கருவியைச் சுமந்துகொண்டே குனிந்து நிமிர்ந்து ஆட வேண்டும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒரு காலத்தில் சாதியின் பெயரால் சிலர்மேல் சுமத்தப்பட்ட வேலையை அவர்களே விடுதலைக் கலையாக மீட்டெடுத்திருக்கிறார்கள். ரெண்டு வாரம் பயிற்சி எடுத்து அதை மேடை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மிஞ்சியவை கோலாட்டமும் கும்மியும். பின்னல் கோலாட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. மேலே கட்டிய கயிறுகளின் நுனி ஆளுக்கு ஒன்று; பாதிப் பேர் ஒரு திசையிலும் மீதிப் பேர் எதிர்த் திசையிலும் உள்ளே வெளியே போய்வர, மேலே சடை பின்னும். பிறகு அதே நடையைத் தலைகீழாக ஆடினால் பின்னல் அவிழும். எங்கள் தொழிலில் 'அன்டூ' என்று சொல்வது இதைத்தான். குதிப்பு இல்லை, நினைவாற்றலுக்கு நல்ல வேலை. ஆனால் என் கடைசிப் பத்தியில் இது தோற்றது. ஒருவர் மூச்சு வாங்கி நின்றால் கயிறு சிக்கிக்கொள்ளும், எல்லோரும் நிற்க வேண்டும்.

கும்மி அப்படியில்லை. வட்டம், கைத்தட்டு, நடை, குனிந்து நிமிர்தல், அவ்வளவுதான். பக்க வாத்தியம் கட்டாயமில்லை, கையே தாளம். ஒருவர் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ஒருவர் விலகினால் வட்டம் சிறுத்துக்கொள்ளும், வந்து சேர்ந்தால் விரியும். ஆட்டம் நிற்காது. தென் மாவட்டங்களில் அம்மன் திருவிழாவில் முளைப்பாரியை நடுவில் வைத்துச் சுற்றிக் கும்மி கொட்டுவார்கள், முளைக்கொட்டு என்று பெயர். அங்கே பாட்டு தெரிந்த மூத்த பெண்தான் தலைமை. அவர் நிதானமாகச் சுற்றுவார், சிறுசுகள் வேகமாகச் சுற்றும். ஒரே ஆட்டத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு.

இது பெண்களின் பொழுதுபோக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். கும்மி ஒரு செய்தி ஊடகமாகவும் இருந்திருக்கிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிக் கும்மிகள் இயற்றப்பட்டிருக்கின்றன. பாரதியார் பெண் விடுதலையைச் சொல்ல எடுத்துக்கொண்டதும் கும்மியின் மெட்டைத்தான். எல்லோருக்கும் தெரிந்த தாளம், யாரும் உடனே வாங்கிப் பாடலாம் என்பதால்தான் அது அந்த வேலைக்குப் பொருந்தியது.

சரி, இப்போது மேடைக் கும்மிக்கு வருவோம். பள்ளி ஆண்டுவிழா, கல்லூரிக் கலைவிழா, சங்கப் போட்டி என்று இணையத்தில் கிடைத்த முப்பதுக்கும் மேற்பட்ட வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் மூன்று மாற்றங்கள் இருந்தன.

ஒன்று, வட்டம் உடைந்து வரிசையாகிவிட்டது. பார்வையாளர் பக்கம் முகம் தெரிய வேண்டுமாம். வட்டத்தில் முன்வரிசை, பின்வரிசை கிடையாது. வரிசை என்று வந்ததும் யார் முன்னால், யார் பின்னால் என்ற கேள்வியும் வந்துவிடுகிறது.

இரண்டு, பாட்டு பென் டிரைவுக்குப் போய்விட்டது. மூத்தவருக்கு மூச்சு வாங்கினால் பாடுகிறவர் தாளத்தைத் தளர்த்துவார். கும்மிக்கு அந்தக் காது இருந்தது. பென் டிரைவுக்குக் காது கிடையாது. அதைவிடப் பெரிய நஷ்டம், பாட்டு தெரிந்தவர் என்ற பதவியே காணாமல் போனது. வயதான பெண்ணுக்கு வட்டத்தில் இருந்த அதிகாரம் அந்தப் பதவியில்தான் இருந்தது.

மூன்று, எல்லோரும் ஒரே கணத்தில் ஒரே கோணத்தில் குனிய வேண்டும். மார்க் போடுகிறவர்களுக்கு அளக்க எளிதாக இருப்பது அதுதான். அதனால் இடுப்பு வளையாதவர் ஆட்டத்தின் 'பிழை' ஆகிவிடுகிறார்.

இது எங்கள் குழுவில் கண்முன்னே நடந்தது. பயிற்சி கொடுக்க வந்த இளைஞர் திறமைசாலி, கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. மூத்த மூன்று பேரைப் பார்த்துவிட்டு, "அம்மாங்க ஓரமா நின்னு குலவை போடட்டும், மத்தவங்க ஆடட்டும்" என்றார். 74 வயதுக்காரர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். என்னிடம் தனியாகச் சொன்னார்: "தம்பி, எங்க ஊரு முளைக்கொட்டுல யாரும் வயசு கேட்டதில்லப்பா." எனக்கு அந்த ஒரு வரி முப்பது வீடியோவுக்குமான விமர்சனமாகப் பட்டது.

மேடைக்குப் போனாலே கெட்டுவிடும் என்று சொல்ல வரவில்லை. கொங்கு நாட்டு வள்ளி ஒயில் கும்மியைப் பாருங்கள். வள்ளி முருகன் கதையைப் பாடிக்கொண்டே ஆண்கள் ஆடிவந்த கலை. அதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் கோவை மாவட்டத்துப் பத்ரப்பன். 2024-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 87. இன்று கொங்கு ஊர்களில் பள்ளிப் பிள்ளைகள் முதல் பேரன் பேத்தி எடுத்தவர்கள் வரை ஒரே அரங்கேற்றத்தில் ஆடுகிறார்கள். ஆசிரியர் நேரில் நின்று பாடுகிறார், ஆட்டம் பெரும்பாலும் திறந்த மைதானத்தில் நடக்கிறது. வயது கலந்து நிற்க அதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம். இங்கேயும் எனக்கு இரண்டு புகார் உண்டு. ஆயிரக்கணக்கில் ஆள் திரட்டிச் சாதனை படைக்கும் மோகம் ஏறிக்கொண்டே போகிறது. சில மேடைகளில் சாதிப் பெருமிதமும் சேர்ந்து ஆடுகிறது. முருகன் குறமகளை மணந்த கதையைப் பாடிக்கொண்டே சாதி பேசுவது எப்படி முடிகிறதோ!

"ஆடினால் மறதி நோய் வராது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். 2003-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஒரு ஆய்விலிருந்து கிளம்பியது அது. 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். உடல் சார்ந்த பொழுதுபோக்குகளில் நடனம் மட்டுமே டிமென்ஷியா அபாயம் குறைவதோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. தொடர்பு, காரணம் அல்ல. மூளை நன்றாக இருப்பவர்கள்தான் ஆடப் போனார்கள் என்றும் இருக்கலாம். ஆகவே மருந்தாக நினைத்து யாரையும் ஆட வைக்க வேண்டியதில்லை. ஆடணும்னு அவர்களுக்கே தோன்றுகிறது, அது போதாதா?

கடைசியில் எங்கள் குழு செய்தது இதுதான். மேடை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கார் நிறுத்துமிடத்தைக் காலி செய்து நடுவில் கோலம் போட்டு, அதைச் சுற்றி ஆடினார்கள். ராமநாதபுரத்து அம்மா பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். குனிய முடியாத இருவர் நிமிர்ந்தபடியே தட்டினார்கள். ஒருவர் இரண்டு சுற்று ஆடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து தட்டிவிட்டு மறுபடியும் வட்டத்தில் வந்து சேர்ந்தார். பயிற்சி கொடுத்த இளைஞரும் பொறுமையாகப் பாட்டைக் கற்றுக்கொண்டார். ஒரே கோணம் வரவில்லைதான். வீடியோவில் பாதிப் பேர் முதுகுதான் தெரிகிறது. பரவாயில்லை, அது வீடியோவுக்காக ஆடியது இல்லை.

போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கும்மிக்கு மார்க் போடுவதாக இருந்தால் நேரில் பாடுவதற்கும், வட்டமாக ஆடுவதற்கும், குழுவில் எத்தனை தலைமுறை இருக்கிறது என்பதற்கும் சேர்த்துப் போடுங்கள். விதி மாறினால் ஆட்டம் தானே மாறும்.

வாசகர்களுக்கும் ஒன்று. உங்கள் அம்மாவுக்கோ அத்தைக்கோ பாட்டிக்கோ கும்மிப் பாட்டு தெரியும் என்றால் போனில் பதிவு செய்து வையுங்கள். ஊர், யாரிடம் கற்றது, எந்தச் சமயத்தில் பாடுவது என்ற மூன்று விவரத்தையும் கூடவே பேசவிட்டுப் பதியுங்கள். அப்புறம் அவர்களோடு ரெண்டு சுற்று ஆடியும் பாருங்கள். அடவு பாட்டில் இல்லை, அவர்கள் காலில் இருக்கிறது.