ஜோடிப் புரதமும் ஒற்றை மருந்தும்

வளர்வதா வேண்டாமா என்பதைச் செல்லுக்குள் எந்தப் புரதமும் தனியாகத் தீர்மானிப்பதில்லை. வெளியிலிருந்து வரும் வளர்ச்சிக் காரணி செல்லின் ஏற்பியில் ஒட்டியதும், உள்ளே ராஸ் புரதம் விழித்துக்கொள்கிறது. அது ராஃப் புரதங்களைச் சவ்வுக்கு இழுத்து ஜோடி சேர்க்கிறது. ஜோடி சேர்ந்த ராஃப் மெக்கைத் தூண்டுகிறது, மெக் எர்க்கைத் தூண்டுகிறது, செல் பிரியத் தொடங்குகிறது. அதே எர்க், சமிக்ஞை எல்லை மீறாதபடி மேலே இருக்கும் புரதங்களை அடக்கியும் வைக்கிறது.

மெலனோமா என்னும் தோல் புற்றுநோயில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு பிராஃப் என்ற ராஃப் புரதம் பிறழ்ந்திருக்கிறது. 2002-ல் தெரியவந்த உண்மை இது. பெரும்பாலும் 600-ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும். அதுபோதும், அந்தப் புரதம் ஜோடியில்லாமலே ஓயாமல் வேலை செய்யும். அதன் வாயை அடைக்க வந்த வெமுராஃபெனிப் 2011-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 675 பேரிடம் நடந்த சோதனையில், ஆறு மாதம் கழித்து இம்மருந்து எடுத்தவர்களில் 84 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள். பழைய கீமோதெரபியில் 64 சதவீதம். கீமோதெரபிக்குப் பல பத்தாண்டுகள் அசைந்து கொடுக்காத நோய் அது. இந்த வெற்றியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் சில வாரங்களிலேயே சிலருடைய தோலில் வேறு வகைக் கட்டிகள் முளைத்தன. காரணம் மருந்தின் வேலையிலேயே இருந்தது. ராஸ் ஏற்கெனவே தூண்டப்பட்டிருக்கும் செல்லில், மருந்து ஜோடியின் ஒரு ராஃபில் போய் உட்கார்ந்தால் மற்றது அடங்குவதில்லை, இன்னும் வேகமாக ஓடுகிறது. தடுக்க வந்த மருந்தே தூண்டிவிடுகிறது. மெலனோமாவும் சும்மா இருப்பதில்லை. சில கட்டிகள் பிராஃபின் ஒரு துண்டை வெட்டிவிட்டு, எளிதில் ஜோடி சேரும் குறும்புரதத்தை உருவாக்கி மருந்திலிருந்து தப்பின.

பெருங்குடல் புற்றுநோயில் தோல்வி இன்னும் வெளிப்படை. அதே பிறழ்வுதான், ஆனால் மருந்துக்கு ஏறக்குறைய பலனே இல்லை. பிராஃபை அடைத்ததும் எர்க்கின் அடக்குமுறை தளர்கிறது; குடல் செல்களில் நிறைய இருக்கும் ஈஜிஎஃப்ஆர் ஏற்பி கிளர்ந்தெழுந்து வளர்ச்சியை மீண்டும் தொடங்கிவைக்கிறது. 2012-ல் இது புரிந்தபின், ஏற்பியையும் சேர்த்து அடைக்கும் கூட்டுச் சிகிச்சைக்கு 2020-ல்தான் அனுமதி கிடைத்தது. மெலனோமாவில் மெக்கைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தபோது தோல் கட்டிகள் குறைந்தன, ஆயுளும் நீண்டது. ஆனாலும் பிராஃபை அடைக்கும் டாப்ராஃபெனிப், மெக்கைத் தடுக்கும் டிரமெடினிப் இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் ஐந்தாண்டு தாண்டியவர்கள் 34 சதவீதம் பேர்தான்.

பிறழ்ந்த புரதத்தைக் குறிவைத்தது சரி. பிறழ்வின் பெயரை வைத்தே மருந்தைத் தீர்மானிக்கலாம் என்று நம்பியதுதான் பிழை. குழந்தைகளின் மூளைக்கட்டிகள் பலவற்றில் பிராஃப் வேறொரு புரதத்தோடு ஒட்டிப் பிறந்து, ஜோடியாகவே இயங்குகிறது. முதல் தலைமுறை மருந்துகள் அதை முடுக்கிவிடக்கூடியவை. அந்த ஜோடியையும் அடக்கும் டோவோராஃபெனிப் 2024-ல்தான் அந்தக் குழந்தைகளுக்கு வந்துசேர்ந்தது.